பணியாரத்துக்கு ஒரு வாய்

சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கிற எந்தக் குழந்தையையும் என்னால் சாப்பிட வைத்துவிட முடியும் என்ற கர்வம் ஒரு காலத்தில் எனக்கு இருந்தது. (இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. வெளியே சொல்வதில்லை.) கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்டில் எந்த வீட்டுக் குழந்தை வாயை இறுக்கி மூடிக்கொண்டாலும் எனக்குத்தான் போன் வரும். போவேன், கிண்ணத்தை வாங்குவேன், கதை சொல்வேன், காக்கா காட்டுவேன். காக்கா கிடைக்காவிட்டால் பார்க்கிங்கில் நிற்கிற காரைக் காட்டுவேன். கடைசியில் கிண்ணம் காலியாகும், அந்தக் குழந்தையின் அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிடுவாள். என் மகன் நிகிலுக்குப் பத்து வயது வரைக்கும் நான்தான் ஊட்டிவிட்டேன். இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவன் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். அதனால் நீங்களும் இதைப் படித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கர்வத்தால்தான் பசிபிக் கடலோரத்தில் ஒரு சீல் குட்டி தமிழ் கற்றுக்கொண்டது. அதே கர்வத்தால்தான் நான் ஒரு ஊர் ஜனத்துக்கு முன்னால் தலைகுனிந்து நின்றேன்.

அப்போது என் கணவர் சுந்தர் வேலை விசாவில் இருந்தார். நான் சுந்தரின் மனைவி என்ற விசாவில் இருந்தேன். அந்த விசாவில் சமைக்கலாம், கார் ஓட்டலாம், கிரீன் கார்டு எப்போது வரும் என்று வாரம் முழுக்கப் பேசலாம். சம்பளம் மட்டும் வாங்கக் கூடாது. நானோ கும்பகோணத்தில் விலங்கியல் பட்டம் வாங்கியவள். கரப்பான்பூச்சியை அறுத்து, அதன் குடலைப் படம் வரைந்து, பாகம் குறித்ததோடு எனக்கும் விலங்குகளுக்குமான உறவு முடிந்துபோயிருந்தது. நிகிலின் பள்ளியிலிருந்து ஒருமுறை மலையைத் தாண்டிக் கடலோரத்தில் இருக்கும் ஒரு காப்பகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போனார்கள். துணைக்குப் போன அம்மாக்களில் நானும் ஒருத்தி. தாயைத் தொலைத்த சீல் குட்டிகளையும் கடல் நீர்நாய்க் குட்டிகளையும் எடுத்துவந்து, பாலூட்டி, மீன் பிடிக்கப் பழக்கி, திரும்பக் கடலில் கொண்டுபோய் விடுகிற இடம் அது. வாசலில் தன்னார்வலர்கள் தேவை என்று எழுதியிருந்தது. சம்பளம் கிடையாது என்பதால் என் விசாவுக்கும் ஆட்சேபணை இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு ஷிஃப்ட் போட்டார்கள். ஊரிலிருந்த அம்மா இதைக் கேட்டு அதிர்ந்துபோனாள். நான் அமெரிக்காவில் சம்பளமில்லாமல் உழைப்பதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக மீனைத் தொடுகிறேனே என்பதுதான் கவலை. சுந்தருக்கு வேறு கவலை. வாளி வாளியாக ஹெர்ரிங் மீனை வெட்டி, அரைத்து, கழுவிவிட்டு நான் திரும்பி வருகிற வேனில் அடுத்த வெள்ளி வரைக்கும் மீன் மார்க்கெட் வாடை அடிக்கும். நிகிலின் நண்பர்கள் ஒவ்வொருவராக எங்கள் கார்பூலிலிருந்து மரியாதையாக விலகிக்கொண்டார்கள்.

எங்கள் ஷிஃப்டுக்குத் தலைவி டெப்ரா. ஆறடி உயரம், நரைத்த குட்டை முடி, மழைக்கும் வெயிலுக்கும் ஒரே ரப்பர் பூட்ஸ். முதல் நாளே அவர் எனக்கு ஒரு விதியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். குட்டிகளின் அருகில் பேசக் கூடாது. கொஞ்சக் கூடாது. கண்ணைப் பார்க்கக் கூடாது. மனிதக் குரல் கேட்டால் மீன் வரும் என்று ஒரு குட்டி கற்றுக்கொண்டுவிட்டால், அது கடலுக்குப் போனபிறகும் மனிதர்களைத் தேடிக் கரைக்கு வரும். படகில் அடிபடும், நாய் கடிக்கும், யாராவது சாண்ட்விச் போடுவார்கள். நீர்நாய்க் குட்டிக்கு இன்னும் கண்டிப்பாம். பாலூட்டப் போகிறவர்கள் முகத்தை மறைத்து, கழுத்திலிருந்து கால் வரை கறுப்பு அங்கி போட்டுக்கொண்டுதான் கிட்டே போக வேண்டுமாம். எங்கள் ஊரில் பூச்சாண்டியைக் காட்டித்தான் ஊட்டுவோம். இங்கே பூச்சாண்டியே வந்து ஊட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

விதி எனக்குப் புரியாமலில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு ஒரு ஜீவனுக்குச் சோறு போடுவது என்பது எங்கள் வம்சத்திலேயே கிடையாது. அம்மா பசுமாட்டுக்குக் கழுநீர் வைக்கும்போதுகூட அதனிடம் நாட்டு நடப்பைச் சொல்லிக்கொண்டுதான் வைப்பாள்.

அந்த வருஷத்துக் குட்டிகளுக்கெல்லாம் தின்பண்டப் பெயர்கள். வாஃபிள், பேகல், டாக்கோ என்று வரிசையாக வைத்துக்கொண்டே வந்தார்கள். ஒரு ஏப்ரல் மாதத்தில், யாரோ நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் பாவம் பார்த்துத் தூக்கியதால் தாய் கைவிட்டுப் போன ஒரு குட்டி வந்துசேர்ந்தது. அதற்குப் பெயர் வைக்கிற முறை என்னுடையது. உடம்பெல்லாம் புள்ளி, உருண்டை முகம், எண்ணெயில் இப்போதுதான் பொரித்து எடுத்த மினுமினுப்பு. பணியாரம் என்று வைத்தேன். டெப்ரா இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, எழுதத்தான் வரும், சொல்ல வராது என்று ஒப்புக்கொண்டார்.

பணியாரம் பால் குடித்தது. அதாவது, குழாய் வழியாக வயிற்றுக்குள் விட்டால் மறுக்கவில்லை. பல் முளைத்து, முழு மீன் தின்னப் பழக்கும்போதுதான் தகராறு ஆரம்பித்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஹெர்ரிங்கை நூலில் கட்டி, உயிருள்ள மீன் மாதிரி இழுத்துக் காட்ட வேண்டும். வாஃபிள் ஒரே பாய்ச்சலில் பிடித்தது. பேகல் பக்கத்துக் குட்டியின் மீனையும் பிடுங்கித் தின்றது. பணியாரம் மட்டும் மீனை ஒரு பார்வை பார்க்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வாயில் வைத்தால் துப்பும். எடை ஏறாமல் இறங்க ஆரம்பித்தது. தானாகத் தின்னாத குட்டியைக் கடலில் விட முடியாது, நாள் போகப்போகப் பிழைப்பதும் கஷ்டம் என்று டெப்ரா சமையலறையில் வைத்து மெதுவாகச் சொன்னார்.

வாயை மூடிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கன்னத்தில் அடக்கி வைத்துத் துப்புகிற குழந்தையை எனக்குத் தெரியாதா? அதை வளர்த்துத்தானே வீட்டில் வைத்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை தொட்டியில் நானும் பணியாரமும் மட்டும் இருந்தோம். அதன் பக்கத்தில் குனிந்தேன். என்னை அறியாமல் வார்த்தை வந்துவிட்டது.

"பட்டுல்ல, தங்கம்ல. ஒரே ஒரு வாய். ஆ காட்டு... ஆ..."

பணியாரம் என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். (கண்ணைப் பார்க்கக் கூடாது என்ற விதியும் அப்போதே போயிற்று.) நீ சாப்பிடாவிட்டால் வாஃபிளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அடுத்த அஸ்திரத்தை எடுத்தேன். வாயைத் திறந்தது. மீன் உள்ளே போனது. துப்பவில்லை.

அன்றைக்கு வாளியில் பாதி காலி. அடுத்த வாரம் முழு வாளி. வாரம் ஒருநாள் போய்க்கொண்டிருந்தவள் மூன்று நாள் போக ஆரம்பித்தேன். பணியாரம் மற்றவர்கள் இழுக்கிற மீனையும் விரட்டிப் பிடித்தது, உருண்டது, பெருத்தது. ஆனால் என் குரல் கேட்டால் மட்டும் மீனுக்கு முன்னால் வாய் திறந்துவிடும்.

இது தப்பில்லையா என்றால், எனக்கு அப்போது தப்பாகத் தோன்றவே இல்லை. நான் அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தேன். டெப்ரா பயப்படுவது கரையில் இருக்கும் மனிதர்களைப் பற்றி. கலிஃபோர்னியாக் கரையில் இருக்கிறவர்கள் ஆங்கிலம் பேசுவார்கள், ஸ்பானிஷ் பேசுவார்கள். பசிபிக் சமுத்திரத்துக்குப் போய் ஒரு சீலைத் தமிழில் யார் சாப்பிடக் கூப்பிடப் போகிறார்கள்? ஆகவே தமிழ் பேச்சுக் கணக்கில் சேராது. இதை நான் விலங்கியல் படித்த மூளையால் யோசித்துக் கண்டுபிடித்தேன்.

ஒருநாள் டெப்ரா வேலிப் பக்கம் நின்று, ஏதாவது சொல்கிறாயா, உதடு அசைகிறதே என்று கேட்டார். பிரார்த்தனை என்று சொல்லிவிட்டேன். கலிஃபோர்னியாவில் பிரார்த்தனை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். டெப்ரா நெஞ்சில் கைவைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நான் தொட்டிக்குள் இறங்கினால் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தள்ளி நிற்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் பணியாரம் வாய் திறக்கும்போது கூச்சம் போய்விடும்.

ஜூலையில் வாஃபிள், பேகல், பணியாரம் மூன்றையும் கடலில் விட நாள் குறித்தார்கள். பார்க்கக் குடும்பத்தை அழைத்து வரலாமா என்று கேட்டேன். தாராளமாக, கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் என்றார் டெப்ரா. குடும்பம் என்று அவர் சொன்னது மூன்று பேரை. நான் புரிந்துகொண்டது வாட்ஸ்அப் குரூப்பை. பணியாரம் கடலுக்குப் போகிறது, எல்லாரும் வாருங்கள் என்று ஒரு செய்தி தட்டிவிட்டேன். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவதுபோல் ஏற்பாடுகள் நடந்தன. தூரத்துச் சான் ரமோனிலிருந்துகூட இரண்டு கார் வந்தது. லெமன் ரைஸ், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மடக்கு நாற்காலிகள், ஒரு டிரே நிறைய நிஜப் பணியாரம். மகள் வீட்டுக்கு வந்திருந்த ராமநாதன் அங்கிள் பட்டு வேட்டியில் வந்து இறங்கினார்.

டெப்ரா எங்களைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பெரிய குடும்பம் என்று மட்டும் சொன்னார்.

காலை நேரம். பனி விலகி இளவெயில் விழுந்திருந்தது. காற்றுகூட அன்றைக்கென்று கரையிலிருந்து கடல் பக்கமாக வீசியது. ஈர மணலில் மூன்று கூண்டுகளை வைத்துக் கதவைத் திறந்தார்கள். வாஃபிள் வயிற்றால் எம்பி எம்பி ஓடி அலைக்குள் மறைந்தது. பேகல் பின்னாலேயே போனது. பணியாரம் கடைசியாக வெளியே வந்து, மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்து, மெதுவாக இறங்கியது. ஒரு அலை அதன் மேல் ஏறிப் போனது. பாதி உடம்பு தண்ணீரில். என் கண் நிறைந்துவிட்டது. சுந்தர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த நேரத்தில் எனக்குப் பின்னால் என் சிநேகிதி ஃபரீதா, இரண்டு வயது அயானை இடுப்பில் வைத்துக்கொண்டு தயிர்சாதம் ஊட்ட ஆரம்பித்தாள். ஃபரீதா நாகூர்க்காரி. அவள் மெதுவாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். அயான் வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டான்.

"அயான் குட்டி, கடலப் பாத்துக்கிட்டே ஒரு வாய். ஆ காட்டு... ஆ..."

தண்ணீரில் இருந்த தலை திரும்பியது.

முதலில் எனக்கு மட்டும்தான் புரிந்தது. ஃபரீதா, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் இன்னும் சத்தமாக இன்னொரு ஆ காட்டச் சொன்னாள். பணியாரம் அலையிலிருந்து வெளியே வந்தது. வந்த வேகத்தை என்ன சொல்வது, கல்யாண வீட்டில் பந்தி திறந்தால் நம் ஆட்கள் வருவார்களே, அந்த வேகம். கூண்டுகளைத் தாண்டி, ஊழியர்களின் காலுக்கிடையில் புகுந்து, கயிற்றுக்கு அடியில் நுழைந்து மேலே வந்துவிட்டது. சீல் கிட்டே வந்தால் பின்வாங்க வேண்டும் என்று சொல்லிவைத்திருந்ததால் மொத்தக் கூட்டமும் சாதத்தோடு பின்வாங்கியது. நாற்காலிகள் விழுந்தன. பணியார டிரே மணலில் கவிழ்ந்தது. ஃபரீதா மட்டும் கால் நகராமல் நின்றாள். பணியாரம் அவள் முன்னால் வந்து நின்று, தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து காட்டியது.

"வசு, இது என்னடி கேக்குது எங்கிட்ட?" என்றாள் ஃபரீதா என்னிடம்.

"பசியோட வந்திருக்கும்மா, பாவம். ஒரு வாய் குடு," என்றார் ராமநாதன் அங்கிள்.

அயான் சீலைப் பார்த்தான், அம்மா கையிலிருந்த உருண்டையைப் பார்த்தான். எங்கே அதற்குப் போய்விடுமோ என்று பயந்து, தன் வாயைப் பெரிதாகத் திறந்து, தானே எம்பி வாங்கிக்கொண்டான். அவன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று ஃபரீதா பிற்பாடு சொன்னாள். அந்த நேரத்தில் அதைக் கொண்டாட யாருக்கும் தோன்றவில்லை.

டெப்ரா தடுப்புப் பலகையைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தவர், அப்படியே நின்றார். அவர் பார்வை பணியாரத்தின் வாயிலிருந்து ஃபரீதாவின் கைக்கும், அங்கிருந்து எனக்கும் வந்தது. ஃபரீதா பதற்றத்தில் அயானுக்கு இன்னும் ஆ, ஆ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வசு," என்றார் டெப்ரா. "தட்'ஸ் யுவர் பிரேயர்."

அத்தனை பேர் முன்னால், அந்தப் பிரார்த்தனைக்கு ஆங்கிலத்தில் என்ன அர்த்தம் என்று நான் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. வாயைத் திற என்று அர்த்தம் என்றேன். எந்தக் கடவுளிடம் என்று டெப்ரா கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

பணியாரத்தைத் திரும்பக் கூண்டில் ஏற்றினார்கள். பார்க்கிங்கில் டெப்ரா என்னிடம் வந்து நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. மனிதர்களிடம் சாப்பாடு கேட்டு வருகிற சீலைக் கடலில் விட அனுமதி கிடைக்காது, இந்தப் பழக்கத்தை மறக்கடிக்க ஒரு மாதம் முயற்சி செய்து பார்க்கலாம், முடியாவிட்டால் பணியாரம் ஆயுசுக்கும் ஏதாவது ஒரு தொட்டியில்தான் இருக்க வேண்டும் என்றார். வேனில் ஏறி உட்கார்ந்து அழுதேன். பட்டினி கிடந்து சாகாமல் காப்பாற்றிவிட்டோம் என்று ஊரைக் கூட்டி மார்தட்டிக்கொண்டவள், அந்தக் குட்டியின் கடலையே பிடுங்கிக்கொண்டுவிட்டேன். பின்சீட்டிலிருந்த நிகில், "அம்மா, அட் லீஸ்ட் இட் லைக்ட் யூ," என்றான். சுந்தர் வண்டியை ஓட்டிக்கொண்டே வாயைத் திறந்தார்.

"சீலுக்குக் கத்துக்குடுத்த மாதிரி இவனுக்குக் கத்துக்குடுத்திருந்தா, இவன் அதைத் தமிழ்ல சொல்லியிருப்பான்."

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

மறக்கடிக்கும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். காப்பகத்து டாக்டர் சொன்ன வழி இதுதான். வேறு ஆட்கள் சத்தமில்லாமல், தங்களைக் காட்டாமல் தொட்டியில் மீனைப் போட்டுவிடுவார்கள். நான் தனியாக வேறு நேரத்தில் வந்து, வேலிக்கு வெளியே நின்று, அதே குரலில் ஆ காட்டு என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காமல் போய்விட வேண்டும். அந்த வார்த்தைக்கு மீன் வராது என்று பணியாரம் கற்றுக்கொள்ளும்வரை இப்படியே செய்ய வேண்டும்.

இதைவிடப் பெரிய தண்டனையை யாரும் எனக்கு யோசித்திருக்க முடியாது. சாப்பிட வா என்று கூப்பிட்டுவிட்டுச் சோறு போடாமல் இருப்பது! முதல் நாள் கூப்பிட்டேன். பணியாரம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து, வேலியோரம் தலையை நீட்டி, ஆ காட்டியது. என் கையில் ஒன்றும் இல்லை. அது வாயை மூடவில்லை. என்னைவிட நல்ல நம்பிக்கையோடு காத்திருந்தது. நான் திரும்பி நடந்துவிட்டேன். பார்க்கிங்கில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்து, மூடி வைத்துவிட்டேன். சாப்பிட முடியவில்லை.

ஃபரீதாவின் குரலுக்கும் வந்ததால், வேறு தமிழ்க் குரல்களும் தேவை என்றார் டெப்ரா. அதனால் அன்று கடற்கரைக்கு வந்த குடும்பங்களெல்லாம் முறைவைத்து வந்து, வேலியருகில் நின்று, கூப்பிட்டு ஏமாற்றிவிட்டுப் போனார்கள். ஃபரீதா ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு, அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். சுந்தர் ஆபீஸ் மீட்டிங்கில் பேசுவதுபோல் ஒரே சுருதியில் சொன்னார். ராமநாதன் அங்கிள், வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை என்று முதலில் மறுத்தார். அது கடலுக்குப் போக வேண்டுமானால் இதுதான் வழி என்று எடுத்துச் சொன்னபிறகு வந்தார். நிகிலும் ஆசையாகச் சொல்லிப் பார்த்தான். பணியாரம் அவனைத் திரும்பியே பார்க்கவில்லை. அவன் தமிழ் அப்படி. (அந்தப் பரிசோதனையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள டாக்டர் மறுத்துவிட்டார்.)

நாள் போகப்போக, வேகமாக வந்துகொண்டிருந்த பணியாரம் மெதுவாக வந்தது. பிறகு பாதி வழியில் நின்று பார்த்தது. பிறகு இருந்த இடத்திலிருந்தே தலையை மட்டும் திருப்பியது. ஆகஸ்டில் ஒருநாள் என் தொண்டைத்தண்ணீர் வற்றக் கூப்பிட்டேன். பணியாரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெயிலில் புரண்டு படுத்துத் தூங்கிவிட்டது. டெப்ரா என்னைக் கட்டிக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் ரோஷமாகவும் இருந்தது.

இரண்டாவது முறை கடற்கரைக்கு நான் யாரையும் கூப்பிடவில்லை. நாங்கள் மூன்று பேரும் டெப்ரா சொன்ன குடும்பமாகக் கயிற்றுக்குப் பின்னால் நின்றோம். கூண்டு திறந்தது. பணியாரம் இறங்கிப் போனது. அலை அதன் கழுத்துக்கு வந்தபோது டெப்ரா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட வேண்டும், திரும்பி வந்தால் கூண்டு, வராவிட்டால் கடல் என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

"பணியாரம்," என்றேன். "ஒரே ஒரு வாய். ஆ காட்டு... ஆ..."

அது நின்றது. நிகில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். வராதே, வராதே என்று கும்பகோணத்துச் சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டேன். அன்றைக்கு நிஜமாகவே பிரார்த்தனைதான். பணியாரம் திரும்பவில்லை. ஒரு தும்மல் தும்மியது. அடுத்த அலைக்குள் தலையைக் கொடுத்து உள்ளே போய்விட்டது. நான் சாப்பிடக் கூப்பிட்டும் வராத ஒரு குழந்தைக்காக வாழ்க்கையில் முதல் முறையாகக் கைதட்டினேன்.

அந்தக் காப்பகத்துக்கு இன்னமும் போகிறேன். (கிரீன் கார்டு இன்னமும் வரவில்லை.) தொட்டிகளின் வாசலில் பேசக் கூடாது என்று முன்பு ஒரு வரிதான் எழுதியிருக்கும். இப்போது மூன்று வரி. பேசக் கூடாது. எந்த மொழியிலும் கூடாது. பிரார்த்தனையும் இதில் அடங்கும். புதிதாக வருகிறவர்கள் மூன்றாவது வரிக்கு விளக்கம் கேட்டால் டெப்ரா என்னைக் கைகாட்டிவிடுவார். எங்கள் வட்டாரத்துத் தமிழ் வீடுகளில் விருந்தாளி வேண்டாம் வேண்டாம் என்ற பிறகும் யாராவது இலையில் போட்டால், பணியாரத்தைக் கெடுத்த மாதிரி இவரையும் கெடுக்காதே என்று சொல்வது பழக்கமாகிவிட்டது. எனக்கு முன்னாலேயே சொல்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டுவிடுவேன்.

போன வருஷம் நிகில் டெக்சாஸுக்குக் கல்லூரிக்குப் போனான். இர்விங்கில் சுந்தரின் சித்தி மகன் இருக்கிறார், வாரக்கடைசியில் அங்கே போய்ச் சாப்பிட்டுக்கொள்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏர்போர்ட்டில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று வீட்டிலேயே ஒப்பந்தம் போட்டிருந்தான். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். கட்டிக்கொண்டான், பையைத் தோளில் போட்டான், செக்யூரிட்டி வரிசையில் போய் நின்றான். திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். அதற்குத்தானே இவ்வளவு நாள் வளர்ப்பது என்று சுந்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வரிசை நகர்ந்து அவன் முறை வரும்போது திரும்பினான். முன்னாலும் பின்னாலும் அத்தனை பேர் நிற்க, ஆறடி வளர்ந்த என் பிள்ளை தலையை அண்ணாந்து, வாயைப் பெரிதாகத் திறந்து எனக்குக் காட்டினான்.

என் கையில் அன்றைக்கும் ஒன்றும் இல்லை. அவன் சிரித்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.